குழந்தைகளின் குருதிக்கசிவுக் காய்ச்சல்: நோய்முதல் கண்ட வரலாறு

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்துள்ள வரிசை முறையை நன்கு அறிவர். முதலில் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும். அடுத்து, அது பிறந்த காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதன் பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேடுதல் வேண்டும். இவ்வரிசையில் ஒரு படியைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கும், முறைப்படி நின்றால் எத்துணை உயிர்கள் பிழைக்கும் என்பதற்கும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவ வரலாறு ஒரு சான்று தருகின்றது. குழந்தைகளைப் பற்றிய குருதிக்கசிவுக் காய்ச்சலின் வரலாறே அது.

மூன்று நாள் கடுங்காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உடற்சூடு தணிகின்றது. பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர். ஆனால், சில மணி நேரத்தில் கைகால்கள் சில்லிடுகின்றன, தோலில் ஊசி முனையால் குத்தியது போன்ற செம்புள்ளிகள் தோன்றுகின்றன, மூக்கிலும் பல்லீறுகளிலும் குருதி கசிகின்றது, நாடி தளர்கின்றது. 1950-களின் நடுவில் மணிலாவிலும், 1958-இல் பாங்காக்கிலும், 1962-இல் பினாங்கிலும் மருத்துவர்கள் இக்காட்சியைக் கண்டு திகைத்தனர். குழந்தையின் குருதியிலேயே பிறவிக் குறை உண்டோ, உணவில் நஞ்சு கலந்ததோ, முன்பு அறியாத கொள்ளைநோயோ என்றெல்லாம் ஐயுற்றனர். முடிவில், நெடுங்காலமாக அறிந்திருந்த ஒரு காய்ச்சலின் வைரஸே காரணம் என்பது வெளிப்பட்டது. அவ்வாறு வெளிப்பட்ட கதையில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் உரிய பங்கு தமிழ் மக்கள் அறிந்து போற்றத் தக்கது.

கிள்ளான் கற்பித்த முதற்பாடம்

கொசு நோயைப் பரப்பும் என்னும் உண்மை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தம் புதியது. இந்தியாவில் செகந்தராபாத் நகரில் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். நான்கே ஆண்டுகளில் அவ்வுண்மை கிள்ளானில் சோதனைக்கு வந்தது.

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டிலேயே கிள்ளான் நகரில் மலேரியா கொடுமையாகப் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொழிலாளர் கொத்துக் கொத்தாக நோயுற்றனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. வாட்சன், நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். காட்டை அகற்றச் செய்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் மலேரியா பெரிதும் தணிந்தது. கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்து நோயை வென்ற உலகின் தொடக்க கால வெற்றிகளுள் இஃது ஒன்றாகும். 1911-இல் வாட்சன் தம் பட்டறிவை நூலாக வெளியிட்டார்.

பின்னர் அவர் ரப்பர்த் தோட்டங்களுக்கு உழைத்தபோது மற்றோர் உண்மையும் புலப்பட்டது. சமவெளியில் பயன்பட்ட முறை குன்றுப் பகுதியில் பயன்படவில்லை. குன்றுகளில் காட்டை வெட்டியதும், வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்பும் வேறு வகைக் கொசு பெருகியது. பால்மரம் சீவ வந்த தமிழ்த் தொழிலாளரே அதன் கொடுமையை மிகுதியும் தாங்கினர். ஆகவே, 'கொசு' என்று பொதுப்படச் சொல்லுதல் போதாது. எந்தக் கொசு, எந்த நீரில் பிறக்கின்றது என்று அறிதல் வேண்டும். கிள்ளான் உலகுக்குக் கற்பித்த இப்பாடம் பிற்காலத்தில் குழந்தைகளின் நோய்க்கும் பொருந்துவதாயிற்று.

குருதி கசிவதன் காரணங்கள்

காயம் பட்ட இடத்தில் குருதி உறைந்து நிற்பதற்குக் குருதியில் மிதக்கும் மிகச் சிறிய தட்டுக்கள் துணை செய்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை இத்தட்டுக்கள் இருத்தல் இயல்பு. இவற்றின் பணியை இத்தாலிய அறிஞர் பிட்சோசெரோ 1882-ஆம் ஆண்டளவில் விளக்கினார். ஆயின், தட்டுக்கள் குறைவதால் வரும் நோயைப் பெயர் அறியாமலே மருத்துவர்கள் முன்னரே கண்டிருந்தனர். செருமனி நாட்டின் ஹனோவர் நகர மருத்துவர் வெர்ல்ஹோஃப் 1735-இல், உடலெங்கும் செந்நீலப் புள்ளிகள் தோன்றிக் குருதி கசியும் நோயை வருணித்தார்.

குழந்தைக்குக் குருதி கசிந்தால் அதற்குக் காரணம் இரு வகைப்படும். ஒன்று பிறவியிலேயே வருவது. குருதியை உறையச் செய்யும் பொருள்களுள் ஒன்று குறைந்து பிறக்கும் ஆண்மக்களுக்கு வரும் ஹீமோஃபிலியா இவ்வகையினது. மற்றொன்று பிறந்த பின் வந்து சேர்வது. நன்றாக ஓடி விளையாடிய குழந்தை, சளிக்காய்ச்சலோ தட்டம்மையோ கண்டு தேறிய சில வாரங்களில், திடீரென்று உடலில் புள்ளிகளோடு நிற்பதை மருத்துவர்கள் கண்டனர். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய காப்புப் பொருளே, ஆள் அடையாளம் தவறி, தன் குருதித் தட்டுக்களையும் அழித்துவிடுவதால் இது நேர்கின்றது. பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தாமே குணமடைகின்றனர்.

இக்கருத்துக்கு அடிப்படை இட்ட சோதனை 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், தட்டுக் குறைவு நோயுற்ற ஒருவரின் குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டுக்கள் அறவே குறைந்து, அவர் கடுமையாக நோயுற்றார். பின்னர்த் தேறினார். நோயாளியின் குருதியில் தட்டுக்களை அழிக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை இவ்வாறு தம் உயிரையே பணயம் வைத்து மெய்ப்பித்தார். காய்ச்சலுக்குப் பின் வரும் இவ்வகைக் கசிவு ஒருபுறம் இருக்க, காய்ச்சலின் ஊடேயே வந்து கொல்லும் மற்றொரு கசிவு நோய் ஆசியாவில் அப்பொழுது தலைகாட்டிக் கொண்டிருந்தது.

எளிய காய்ச்சல் என்று எண்ணிய காலம்

டிங்கிக் காய்ச்சல் புதியதன்று. 1780-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர், எலும்பை முறிப்பது போன்ற வலியுடன் வந்த காய்ச்சலை வருணித்துள்ளார். மலாயாவில் இதனை முதன்முதல் எழுதி வைத்தவர் ஸ்கே என்னும் மருத்துவர். 1902-இல் பினாங்கில் கண்ட டிங்கியைப் பற்றி எழுதினார். 1906-இல் ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் என்பார் ஏடிஸ் கொசுவே இதனைப் பரப்புவது என்று சுட்டினார். 1907-இல் ஆஷ்பர்ன், கிரெய்க் என்னும் இருவர் மணிலா அருகே நடத்திய சோதனையில், நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் அளவு சிறிய கிருமியே காரணம் என்று தெரிந்தது. அதாவது, அது ஒரு வைரஸ்.

இந்தக் காய்ச்சல் வந்தவர் ஒரு கிழமை வருந்துவர். பின்னர் எழுந்து நடமாடுவர். ஆகையால், வேதனை தருவதேயன்றி உயிரைப் போக்காத காய்ச்சல் என்றே பாட நூல்கள் எழுதின. ஆயினும், 1897-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஹேர் என்னும் மருத்துவர், டிங்கி கண்ட சிலர் குருதி கசிந்து இறந்ததை எழுதியிருந்தார். 1927, 1928-ஆம் ஆண்டுகளில் கிரேக்க நாட்டில் டிங்கி பரவியபோது ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை அரிதாய் நேர்ந்த புறநடைகள் என்று கருதப்பட்டு மறக்கப்பட்டன. மறதிக்குரிய விலையைப் பிற்காலத்துக் குழந்தைகள் கொடுக்க நேர்ந்தது.

மணிலாவில் கண்ட நோய்

1954-ஆம் ஆண்டளவில் மணிலா நகர மருத்துவமனைகளில் குருதி கசியும் காய்ச்சலோடு குழந்தைகள் வந்து குவிந்தனர். 1956-இல் மட்டும் 1,200 பேருக்கு மேல் சேர்க்கப்பட்டனர். கொரியப் போரில் போர்வீரர்களைப் பற்றிய குருதிக்கசிவுக் காய்ச்சலை மருத்துவ உலகம் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அறிந்திருந்தது. ஆனால், அதனைப் போலன்றி இந்நோய் நகரத்துக் குழந்தைகளையே நாடியது. இதன் காரணம் யாது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹாமன் 1956-இல் மணிலா சென்று, நோயுற்ற குழந்தைகளின் குருதியிலிருந்தும் ஏடிஸ் கொசுக்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தார். அது டிங்கி வைரஸ்! ஆயினும் முன்பு அறிந்த வகையன்று. ஜப்பானில் 1943-இல் கிமூரா, ஹொட்டா ஆகியோரும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கரான ஆல்பர்ட் சேபினும் பிரித்தெடுத்த வைரஸ்களால் முதலிரு வகைகள் முன்னரே தெரிந்திருந்தன. ஹாமன் கண்டவை மூன்றாம், நான்காம் வகைகள். ஒரு வகை டிங்கி வந்து நீங்கினால் அவ்வகைக்கு எதிரான காப்பு நிலைத்து நிற்கும். ஏனைய மூன்று வகைகளுக்கும் அக்காப்பு நீடித்துப் பயன்படாது. இவ்வுண்மையின் முழுப் பொருளும் அப்பொழுது எவருக்கும் விளங்கவில்லை.

1958-இல் நோய் பாங்காக்கைத் தாக்கியது. ஏறக்குறைய 2,500 பேர் மருத்துவமனைகளை அடைந்தனர். அவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறந்தனர். 1963, 1964-ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் கல்கத்தாவிலும் குருதிக்கசிவுடன் கூடிய காய்ச்சல் பரவியது.

கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தின் பணி

இக்காலத்தில் கோலாலம்பூரில் நடந்த ஆய்வுகள் தனியே குறிக்கத்தக்கவை. 1900-ஆம் ஆண்டில் பிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பெரிபெரி, மலேரியா முதலிய வெப்ப மண்டல நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. 1950-களில் அங்குப் பணியாற்றிய கோர்டன் ஸ்மித் என்னும் அறிஞர், மலாயாவில் டிங்கி முதல் வகை வைரஸைப் பிரித்தெடுத்து 1956-இல் செய்தி வெளியிட்டார்.

ஸ்மித் கண்ட வியப்பான செய்தி மற்றொன்றும் உண்டு. நகரத்து ஏடிஸ் கொசு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கப்பல்களின் நீர்த்தொட்டிகளில் பயணம் செய்து துறைமுகங்களில் இறங்கி, பின்னர் உள்நாட்டு நகரங்களை அடைந்தது. ஆயின், அக்கொசுவே இல்லாத காட்டோரத்தில் வாழ்ந்த மக்களின் குருதியிலும் டிங்கி வந்து போன அடையாளம் தென்பட்டது. அங்ஙனமாயின் அங்கு நோயைக் கொண்டு வந்தது எது?

1960-களிலும் 1970-களிலும் அதே கழகத்தோடு இணைந்து உழைத்த ஆல்பர்ட் ரட்னிக் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு விடை கண்டார். மலேசியக் காடுகளின் உயர்ந்த மரக்கவிகைகளில் குரங்குகளைக் கூண்டில் வைத்துக் காத்திருந்து, அவற்றைக் கடிக்கும் காட்டுக் கொசுக்களையும் பிடித்து ஆராய்ந்தார். மனிதரின் துணையின்றியே குரங்குக்கும் காட்டுக் கொசுவுக்கும் இடையே டிங்கி வைரஸ் சுழன்று வருவது தெளிவாயிற்று. நகரங்கள் தோன்றுமுன்பே டிங்கி வைரஸ் ஆசியக் காடுகளில் வாழ்ந்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இவ்வாய்வு வலிவூட்டியது. காட்டில் அடங்கிக் கிடந்ததை ஊருக்குள் கொலைநோயாக வளர்த்தது நகர வாழ்க்கையே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய் பரவியமை

1962-இல் பினாங்கில் தோன்றிய குருதிக்கசிவுக் காய்ச்சல், பத்தாண்டுகளில் தீபகற்பத்தின் நகரங்களுக்குப் பரவியது. 1971-இல் டிங்கி, மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாயிற்று. 1973-ஆம் ஆண்டுப் பரவலில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் சிறுவர்களும் மிகுதியாக வருந்தினர். 1975-இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளுக்குள் புகுந்து பார்வையிடவும், கொசுப் புழு வளரவிட்டவர்க்குத் தண்டம் விதிக்கவும் சுகாதார அதிகாரிகளுக்கு இச்சட்டம் உரிமை தந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்நோய் வேரூன்றியது தற்செயலன்று. செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, பின் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ், கடைத்தெருக்கள் நெருங்கிய கிள்ளான் நகர், புதிதாக எழுந்த பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் ஆகியவை ஒன்றோடொன்று தொட்டு வளர்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபோது, லயங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, குழாய்நீரும் குப்பை அகற்றும் வசதியும் போதாத புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கின. குழாய் இல்லாத வீட்டில் தகரப் பீப்பாயில் நீர் நிறைத்து வைப்பதன்றி வேறு வழி ஏது? அந்தப் பீப்பாயே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. வறுமை நோயை வரவழைப்பது மலேரியாக் காலத்தில் கண்டதே. டிங்கிக் காலத்திலும் அது தொடர்ந்தது.

இரண்டாம் முறை வரும் காய்ச்சல்

எளிய காய்ச்சலாக இருந்தது குழந்தைகளைக் கொல்வானேன்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். 1960-களில் பாங்காக்கில் ஆராய்ந்த இவர் இரண்டு குறிப்புகளைக் கண்டார். கடுமையாக நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு அது டிங்கியின் இரண்டாம் வருகை. இஃதொன்று. ஓராண்டு நிரம்பாத கைக்குழந்தைகளோ முதல் வருகையிலேயே கடுமையாக நோயுற்றனர். அவர்களுடைய தாய்மார் முன்பே டிங்கி கண்டவர்கள். இது மற்றொன்று.

இரண்டையும் இணைத்துப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. முன்பு வந்த வகைக்கு எதிராகக் குருதியில் நின்ற காப்புப் பொருள், புதிதாய் வந்த வேறு வகையை முற்றும் அழிக்க வலியற்றது. ஆனால் அதனைப் பற்றிக்கொண்டு உயிரணுக்களுக்குள் எளிதில் புகவிடுகின்றது. காவலுக்கு நின்றவனே கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டது போன்றது இது. கைக்குழந்தைக்கு அக்காவலன் தாயின் குருதி வழி வந்தவன். கியூபாத் தீவில் 1977-இல் முதல் வகை டிங்கி பரவியிருந்தது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்திற்கு மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் மாண்டனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். ஹால்ஸ்டெட்டின் கருத்து இதனால் வலுப்பெற்றது. வைரஸின் தன்மையும் நோயாளியின் உடல்வாகும் சேர்ந்தே நோயின் கடுமையை முடிவு செய்கின்றன என்பதும் அறிஞர் துணிபு.

இவ்வெச்சரிக்கையின் அருமை அண்மைக் காலத்தில் மீண்டும் வெளிப்பட்டது. 2016-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு டிங்கித் தடுப்பூசி போடத் தொடங்கினர். எட்டு லட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்ட பின், முன்பு டிங்கியே காணாத பிள்ளைக்கு அவ்வூசி முதல் வருகை போல் அமைந்து, பின்னர் வரும் டிங்கியைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017-இன் இறுதியில் தெரியவந்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. நோய் முதன்முதல் தலைகாட்டிய அதே மணிலாவில் இது நேர்ந்தது எண்ணத்தக்கது.

காய்ச்சல் விடும் நாள்

குருதிக்கசிவுக் காய்ச்சல் என்னும் பெயரே ஒருவகையில் மக்களை ஏமாற்றுவது. கண்ணுக்குத் தெரியும் குருதியைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கசிவே பெரும்பாலும் உயிரைப் போக்குகின்றது. புதிய மண்பானையின் சுவர் வழியே நீர் கசிவது போல, நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் வழியே குருதியிலுள்ள நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் மார்பிலும் தேங்குகின்றது. எஞ்சிய குருதி கெட்டிப்படுகின்றது. இதயத்திற்குத் திரும்பும் அளவு குறைகின்றது. குழந்தை அதிர்ச்சி நிலையை அடைகின்றது. இக்கசிவு பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, உடற்சூடு தணியும் வேளையில் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கும்.

இதனை நுணுகிக் கண்டு சிகிச்சை முறை வகுத்தவர் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சுசித்ரா நிம்மன்னித்யா என்னும் பெண் மருத்துவர். குருதி கெட்டிப்படுவதை அடிக்கடி அளந்து, கசிந்த அளவுக்கேற்ப உப்பு நீரை நரம்பு வழியாகக் கொடுத்து, கசிவு நின்றதும் அதனைக் குறைத்துவிடுவதே அம்முறையின் சாரம். வைரஸைக் கொல்லும் மருந்து ஒன்றும் இதில் இல்லை. எனினும், நூற்றுக்குப் பத்தாக இருந்த சாவு, நல்ல கவனிப்புள்ள இடங்களில் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட வழிகாட்டிக்கும் இப்பணி அடிப்படையாயிற்று.

இங்கேதான் பெற்றோரின் பழக்கமும் மருத்துவ உண்மையும் மோதுகின்றன. காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று கொள்வதும், குழந்தைக்குத் தலைக்கு நீர் ஊற்றுவதும், மருத்துவமனையை மறப்பதும் தமிழ்க் குடும்பங்களில் வழிவழி வந்தவை. ஏனைய காய்ச்சல்களுக்கு அது பொருந்தலாம். டிங்கிக்கோ காய்ச்சல் விடும் நாளே கண்டத்தின் தொடக்க நாள். அந்நாளில் குழந்தைக்குத் தீராத வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு அல்லது அமைதியின்மை, ஈறிலோ மூக்கிலோ குருதி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். ஆஸ்பிரின் குருதித் தட்டுக்களின் பணியைக் கெடுப்பதாகையால் அதனைக் கொடுத்தல் ஆகாது.

பப்பாளி இலைச்சாறு பற்றியும் ஒரு சொல். நாட்டு வைத்தியம் என்று நகைக்கப்பட்ட இதனைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார், கிள்ளான் பொது மருத்துவமனையில் 228 நோயாளிகளைக் கொண்டு முறைப்படி ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். சாறு அருந்தியவர்க்குக் குருதித் தட்டுக்கள் விரைவாக ஏறின என்று கண்டனர். மரபு அறிவை ஆராய்ச்சியால் உரைத்துப் பார்த்த இம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், தட்டுக்கள் ஏறுவது வேறு. குருதிநீர் கசிவதை நிறுத்துவது வேறு. சாற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பது, ஓட்டைப் பானைக்கு மூடி தேடுவது போன்றதாகும்.

வீட்டினுள் இருக்கும் நீர்

இனி, தணிக்கும் வழி. வாட்சன் கிள்ளானில் வென்ற மலேரியாக் கொசு ஊருக்கு வெளியே சதுப்பில் பிறந்தது. அரசு வடிகால் வெட்டியது. மக்கள் நலம் பெற்றனர். டிங்கிக் கொசு அவ்வாறன்று. அது சாக்கடையைக் காட்டிலும் தெளிந்த, அசையாத நீரையே நாடுவது. காலையிலும் மாலையிலும் பகல் வெளிச்சத்தில் கடிப்பது. மூடாத பீப்பாய், பூச்சாடியின் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கூரையின் தகரத் தூம்பு, எறும்பு ஏறாதிருக்க அடுக்களை அலமாரியின் கால்களுக்குக் கீழே வைக்கும் நீர்க் கிண்ணம் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை முதல் கொசு வரை வளர ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகளோ நீர் வற்றினும் மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, மழை வந்ததும் உயிர்க்கும். ஆதலின், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

புதிய வழிகளும் தேடப்படுகின்றன. வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைக் கொசுவின் உடலில் புகுத்தினால், அக்கொசுவினுள் டிங்கி வைரஸ் வளர்வது தடைப்படுகின்றது. அத்தகைய கொசுக்களைக் கோலாலம்பூரைச் சூழ்ந்த ஆறு இடங்களில் பறக்கவிட்டு நடத்திய ஆய்வு, டிங்கி நோய் 40 விழுக்காடு அளவு குறைந்ததாக 2019-இல் தெரிவித்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதிலும் முன்னின்றது.

ஆயினும், நோய் ஒழிந்துவிடவில்லை. அதே 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 1,30,101 பேர் டிங்கி கண்டனர். 182 பேர் இறந்தனர். நோயுற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் சிலாங்கூர் மாநிலத்தவர். குழந்தை நோயாகத் தொடங்கிய இது, காலப்போக்கில் பெரியவர்களையே மிகுதியும் பற்றுவதாக மாறியிருக்கின்றது. ஆகவே, முன்பு பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெற்றோர், இப்பொழுது தம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டியவராயினர்.

நோய் இன்னதென்று மணிலாவும் பாங்காக்கும் காட்டின. அதன் மூலத்தை ஹாமனும் ஸ்மித்தும் ரட்னிக்கும் ஹால்ஸ்டெட்டும் தேடிக் கண்டனர். உயிர் காக்கும் முறையைச் சுசித்ரா வகுத்தார். வரிசையில் எஞ்சிய பணி, பிறப்பிடத்திலேயே நோயைத் தடுப்பது. அதனைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. கிழமைக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து நீர் தேங்கிய கலங்களைக் கவிழ்க்கும் பத்து வயது மாணாக்கன் அதனைச் செய்து முடிப்பான். மருந்து அதிகாரத்தை மனப்பாடம் செய்விக்கும் தமிழாசிரியர், அவ்வகுப்பு முடிந்ததும் மாணாக்கரை அழைத்துப் போய்ப் பள்ளிக் கொல்லையில் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்க்கச் செய்தால், குறளின் பொருள் அவர்க்கு நன்கு விளங்கும். காய்ச்சல் விட்ட அன்றுதான் கண்விழித்துக் காக்க வேண்டும் என்பதை அம்மாணாக்கர் வழியே ஒரு தாய் அறிந்துகொண்டாளாயின், அவ்வீட்டில் ஒரு குழந்தை பிழைத்துவிடும்.